கூடுதுறையிலிருந்து காவேரி வரை: மாமாவோடு நொய்யல் கரையில்

சனிக்கிழமை, ஆலாந்துறை

கடைமடையில் பிறந்தவர்களுக்கு ஆறு என்பது மேலே இருக்கிற யாரோ அனுப்பிவைக்கிற சமாச்சாரம். அனுப்பினால் வரும், இல்லாவிட்டால் இல்லை. என் அம்மா பிறந்த ஊர் முத்தூருக்குக் கிழக்கே, நொய்யல் காவேரியைத் தொடப்போகிற கடைசி நீட்டத்தில் இருக்கிறது. மாமாவுக்கு அங்கேதான் தோட்டம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நொய்யலுக்காகக் கோர்ட், கலெக்டர் ஆபீஸ் என்று பாதி ஆயுசை அலைந்தே கழித்தவர், ஆறு புறப்படுகிற இடத்தை மட்டும் பார்த்ததே இல்லையாம். "வழக்கு கீழ நடக்கையில மேல நமக்கென்ன வேல அம்மிணி" என்றார். இந்த ஐப்பசியில் மலையில் நல்ல மழை. அவருடைய பழைய மாருதியில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன். வண்டி ஓட்டுவது நான், வழி சொல்வது அவர். வழி அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் பெரியாறும் சின்னாறும் கூடுதுறையில் சேர்கின்றன. அங்கிருந்துதான் அதற்கு நொய்யல் என்று பேர். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாலு மாவட்டத்தில் ஓடிக் காவேரியில் கலக்கிறது. சுமார் 180 கிலோமீட்டர் போகிற ஆறு, இங்கே பார்த்தால் ஓடை அளவுதான் இருக்கிறது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரிகிறது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினார். குடிக்கவில்லை. நாக்கில் வைத்துக் கொஞ்சநேரம் வாயை அசைபோட்டுவிட்டு அப்புறம்தான் விழுங்கினார். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அவர் செய்கிற சோதனை இது. எங்கள் பக்கத்து வயசாளிகள் பாதிப்பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. உப்பு எவ்வளவு என்று நாக்கே சொல்லிவிடும். "சக்கரையாட்ட இருக்குது" என்றார். முகத்தில் சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாகத் தெரிந்தது.

சித்திரைச்சாவடி அணைக்கட்டில் மதகைப் பார்த்துவிட்டு, மத்தியானம் பேரூர். காஞ்சி மாநதி என்று நொய்யலுக்குப் பழைய பேர் வழங்கிய ஊர். பட்டீசுவரரைச் சேவித்துவிட்டுப் படித்துறைக்கு வந்தால், ஆடி அமாவாசை இல்லாத நாளிலும் நாலு குடும்பம் திதி கொடுத்துக்கொண்டிருந்தது. பிண்டம் கரைத்த இடத்துக்குப் பத்தடி தள்ளி பழைய வேட்டிகள், பிளாஸ்டிக் தட்டுகள், மாலை, ஊதுபத்தி டப்பா. மலையிலிருந்து இறங்கி இன்னும் ஒரு ஊரைக்கூட முழுசாகத் தாண்டவில்லை. அதற்குள் முதல் குப்பையை நாம் பக்தியோடு போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளலூர்

ஞாயிற்றுக்கிழமையில் கோவையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். இந்த ஊரில் குளம் தூர்வாருவது ஞாயிற்றுக்கிழமை வேலை. நொய்யலில் வரிசையாக அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி பழைய காலத்தில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். ஆற்றில் வெள்ளம் வருகிற சில வாரங்களில் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் மீதி வருஷமெல்லாம் கையைப் பிசைய வேண்டியதுதான்.

நகரம் பெருத்தபோது வாய்க்கால்கள் சாக்கடையாகின. 2003-இல் சிறுதுளி அமைப்பு தொடங்கியதும், 2013 கோடையில் உக்கடம் பெரியகுளத்தில் ஊரே கூடி மண்வெட்டியோடு இறங்கியதும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் வந்த கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் வாராவாரம் ஒரு நீர்நிலையில் நிற்கிறார்கள். பல வருஷமாக வறண்டு கிடந்த வெள்ளலூர் குளத்துக்கு ராஜவாய்க்காலைச் சுத்தம் செய்து தண்ணீர் கொண்டுவந்தது இவர்கள் கைவேலைதான். கரையில் நட்ட மரங்கள் இப்போது தோப்பாகிவிட்டன. வண்ணத்துப்பூச்சி பார்க்கவென்றே காமிராவோடு வருகிறார்கள்.

காலை ஏழு மணிக்கே முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பேங்க்காரர், பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்த ஒர்க்‌ஷாப் முதலாளி. எனக்கும் ஒரு ஜோடி கையுறை கிடைத்தது. வாய்க்காலில் நான் எடுத்தது: நாப்கின், தெர்மாகோல், தலையணை, ஒரு முழு சாமி படம் சட்டத்தோடு. பிளாஸ்டிக் பையை வெளியே இழுக்கிறபோது மண்ணுக்குள் எவ்வளவு நீளம் போயிருக்கிறது என்று தெரியாது. பாதியில் கிழிந்து, மீதி அடுத்த வாரத்துக்காக உள்ளேயே தங்கிவிடும்.

மாமா நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தபோது அந்த ஒர்க்‌ஷாப்காரரிடம் கேட்டார்: "ஏனுங், குப்பைய எடுக்கறீங்க, நல்லது. வர்ற தண்ணி என்ன தண்ணிங்க?"

அவர் சிரித்தார். "மழைக்காலத்துல ஆத்துத் தண்ணிங்கய்யா. மத்த நாள்ல நம்ம தண்ணிதான்."

நம்ம தண்ணி என்றால் வீட்டுத் தண்ணி. கக்கூஸ், குளியலறை, துணி துவைக்கிற மெஷின். உக்கடம், ஒண்டிப்புதூர், நஞ்சுண்டாபுரம் என்று மாநகராட்சிக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் தண்ணீர் அங்கெல்லாம் போவதில்லை, பக்கத்து ஓடைக்குப் போகிறது. ஓடை ஆற்றுக்குப் போகிறது.

திங்கட்கிழமை, சூலூர் முதல் திருப்பூர் வரை

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. கோவையைத் தாண்டியதும் ஆறு கறுப்பாகிவிடுகிறது. ஒரு தடுப்பணையில் தண்ணீர் விழுகிற இடத்தில் நுரை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து ரோட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் அதை அள்ளி ஒருவன் மேல் ஒருவன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதட்டினேன். "தினமும் வருங்க்கா" என்றான் ஒருவன், என்னவோ ஐஸ் வண்டி வருகிற மாதிரி.

ஆண்டிபாளையம் பக்கம் நல்லம்மன் தடுப்பணையில் நின்றோம். ஆற்றுக்குள்ளேயே கோயில். அணை நிற்க வேண்டும் என்று நல்லம்மாள் என்கிற பெண் உயிரைக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். வெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும், வடிந்ததும் பூசை. மாமா செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். தண்ணீரைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை, திருப்பூர்

சொந்தக்காரர் ஒருவர் தயவில் பல சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்கிற ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போக முடிந்தது. எந்த நிலையம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பனியன். பனியனுக்கு வெள்ளையும் கலரும் கொடுப்பது சலவைப்பட்டறையும் சாயப்பட்டறையும். பருத்தித் துணியில் சாயம் லேசில் ஏறாது. சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் தண்ணீரை விட்டுவிட்டுத் துணியைப் பிடிக்கும். சாயம் துணிக்குப் போகும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். வேலை முடிந்ததும் தொட்டியைத் திறந்துவிட்டால், போட்ட உப்பு மொத்தமும் வெளியே வரும், ஒட்டாமல் போன சாயமும் கூட. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் வருஷக்கணக்காக இதைச் செய்தன. கீழே இருந்த ஒரே தொட்டி நொய்யல்தான்.

சுத்தம் செய்யவே இல்லையா என்றால், செய்தார்கள். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் சாயம் சேறாகக் கீழே படியும், தண்ணீர் தெளியும். பார்க்கிற அதிகாரிக்குத் திருப்தி. கரைந்த உப்பு மட்டும் எதற்கும் படியாது. வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த அளவுக்குள் வர வேண்டுமென்றால் உப்பையே பிரித்தெடுக்க வேண்டும், அதற்கு வேறு மெஷின், வேறு காசு. "நெறத்தை எடுத்துட்டு ஆத்துல உட்டாங்க. நெறம் இருந்தாக்கூட மாடு குடிக்காது, தப்பிச்சுக்கும். தெளிஞ்ச தண்ணிய நம்பிக் குடிச்சுப்போடுச்சு" என்றார் மாமா. அங்கே வேலை பார்க்கிற இளம் இன்ஜினியர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது நடப்பது வேறு. கழிவுநீரை நுண்ணுயிரி வைத்துச் சுத்தம் செய்து, உப்பைப் பிரிக்கிற சவ்வான ஆர்ஓ மெம்பிரேனில் அழுத்தித் தள்ளுகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பப் பட்டறைக்கே போகிறது. மிஞ்சுகிற கெட்டி உப்புநீரில் ஒரு பங்கு மறுபடியும் சாயத் தொட்டிக்கு, மீதி ஆவியாக்கும் கொப்பரைக்கு. ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது கணக்கு. கொப்பரைப் பக்கம் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு வெக்கை. கடைசியில் ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பும் சேறும் மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கியிருந்தன. இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வச்சிருக்கோம் மேடம்" என்றார் இன்ஜினியர். அந்த ஒளிவுமறைவற்ற பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த மெஷின்களைக் கொண்டுவந்தது யாருடைய மனசாட்சியும் இல்லை. ஆற்றுப் பாசன நிலம் வைத்திருக்கிற விவசாயிகளின் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. 2006 டிசம்பர் தீர்ப்பில், கழிவுநீர் விடுகிற பட்டறைகளுக்கு லிட்டருக்கு 6 காசு அபராதம், சில மாதம் போனால் 8 காசு, அப்புறம் 10 காசு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் தீர்ப்பு விவசாயிகள் பக்கம். மூன்று மாதத்தில் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்றது கோர்ட். வரவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடி, கரண்டைத் துண்டிக்கச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்ததும், அருள்புரத்தில் முதலில் பரிசோதித்து இந்தத் தொழில்நுட்பம் மற்ற நிலையங்களுக்குப் பரவியதும்.

மாமா வாய்தாவுக்கு வாய்தா ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போனவர்களில் ஒருவர். போகிறபோது அத்தை தயிர்சாதம் கட்டிக்கொடுப்பாளாம். அதோடு ஒரு வாட்டர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும் போகும். கோர்ட்டுக்குள் அதைக் காட்ட ஒருநாளும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டுவாராம்.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. பட்டறை முதலாளிகள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. மானாவாரி பண்ணையத்தில் மிச்சமில்லாமல், காட்டை விற்றோ அடமானம் வைத்தோ திருப்பூருக்குப் பொழைக்க வந்த குடியானவர் வீட்டுப் பையன்கள். 2011-இல் பட்டறை மூடியபோது எங்கள் பெரியம்மா மகன் வேலை இழந்து ஆறு மாதம் வீட்டில் இருந்தான். அந்த வருஷம் நடந்த ஒரு சீரில் மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு இலை போட்டவன் பெரியம்மா மகன்தான். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் பாயசம் இரண்டு தரம் ஊற்றினான் என்று மாமா இன்றைக்கும் சொல்வார்.

புதன்கிழமை, ஒரத்துப்பாளையம்

சென்னிமலைக்கு மேற்கே நொய்யலுக்குக் குறுக்கே இருக்கிறது இந்த அணை. 1992-இல் 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டினார்கள். கரூர் பக்கம் ஏறக்குறைய 10,000 ஏக்கர் பாயும் என்று கணக்கு. தண்ணீர் தேங்கிற்று. ஆனால் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் உப்பு இறங்கியது. தண்ணீர் திறக்கச் சொல்லி விவசாயி போராடுவதைத்தான் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். இங்கே, அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று ஆயக்கட்டுக்காரர்களே கேட்க வேண்டி வந்தது. மதகு திறந்தே கிடக்கும் அணை இது.

கரையில் நின்று பார்த்தால் சீமைக்கருவேலங்காடு. நடுவில் ஒரு கோடாக ஆறு.

பக்கத்து ஊரில் மாமாவின் வழக்குக்காலக் கூட்டாளி ஒருவர் தோட்டத்துக்குப் போனோம். அவர் கிணற்றைக் காட்டினார். அறுபதடி, கல்லுக்கட்டு, ஏற்றம் இறைத்த தாத்தா காலத்துக் கிணறு. தண்ணீர் முக்கால்வாசி நிற்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மோட்டாரைப் போட்டார். மாடு குடிக்கிற கல்தொட்டியின் விளிம்பில் விரல் தடிமனுக்கு வெள்ளையாக உப்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் தகடாக வருகிறது. அந்தத் தொட்டியில் இப்போது மாட்டுக்கு வைப்பது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, சொட்டுநீர்க் குழாயின் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்கிறது. மஞ்சளும் கரும்பும் போட்ட தோட்டத்தில் தென்னை மட்டும் நிற்கிறது. அதிலும் குரும்பை உதிர்கிறது. மாமா ஒரு கை வாங்கி நாக்கில் வைத்தார், துப்பினார். "முன்னைக்கு இப்பப் பரவால்ல" என்றார். அவர்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய பாராட்டாகப் பட்டது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டார்கள்.

மேலே கழிவை நிறுத்தியாயிற்று. மண்ணிலும் நிலத்தடியிலும் இறங்கிய உப்புக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. நல்ல மழை வருஷக்கணக்கில் கழுவ வேண்டும். நஷ்டஈடு கிடைத்ததா என்று கேட்டேன். சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தேன், சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரம்கூட வரவில்லை. கிணற்றுக்காரர் வாங்கிய தொகையைச் சொல்ல மறுத்துவிட்டார். "மோட்டார் காயில் ஒருதரம் கட்டினேன்" என்றார்.

திரும்புகிற வழியில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். தொல்லியல் துறை தோண்டிய குழிகளில் கல்மணி செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை எல்லாம் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் கரையில் பட்டறை வைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். நொய்யல் தொழிலைப் பார்க்காத ஆறு இல்லை. மாமாவுக்கு இதில் ஆர்வம் இல்லை, பசி.

வியாழக்கிழமை, நொய்யல்

முத்தூருக்கு முன்னால் சின்னமுத்தூர் தடுப்பணை. இங்கிருந்துதான் வாய்க்கால் பிரிந்து கரூர் பக்கம் ஆத்துப்பாளையம் அணைக்குப் போகிறது. அந்த அணையும் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தது. வெள்ளக் காலத்தில் உப்பு அளவு குறைவாக இருந்தால் மட்டும் வாய்க்காலில் விடுவார்கள், ஏறினால் ஷட்டரை இறக்கி ஆற்றோடு அனுப்பிவிடுவார்கள். "அளந்து பாக்கோணும்னு அவங்களைப் பழக்குனது நாங்க" என்றார் மாமா. கோர்ட் படியேறியதில் அவருக்குப் பெருமை இதுதான், தீர்ப்பைவிட.

காரில் வருகிறபோது அவரிடம் சொன்னேன். சாயத்துக்கு எதிராக நின்றபோது உங்களுக்கு எதிராளி இருந்தான், அவன் பட்டறை வாசலில் போர்டு இருந்தது, வக்கீல் வைத்திருந்தான். இப்போது வருவது கோவைக்காரர் வீட்டுத் தண்ணீரும் திருப்பூர்க்காரர் வீட்டுத் தண்ணீரும். நான் கோவையில் இருக்கிற அபார்ட்மென்ட் தண்ணீரும் அதில் சேர்த்தி. யார் மேல் கேஸ் போடுவீர்கள்?

கொஞ்சதூரம் பேசாமல் வந்தார். "உங்க அபார்ட்மென்டுல எத்தன வீடு?"

"நூத்தி இருபது மாமா."

"தண்ணி எங்க போவுது?"

தெரியாது என்றேன். வாடகைக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் பார்க்கிங் பற்றி மட்டும் சண்டை நடக்கும். "மொதல்ல அதக் கேளு" என்றார்.

நொய்யல் என்கிற ஊரிலேயே நொய்யல் முடிகிறது. மத்தியானம் மூன்று மணி. காவேரி அகலமாகப் போகிறது, நம் ஆறு பக்கவாட்டில் கொஞ்சம் கலங்கலாக வந்து சேர்கிறது. சேர்கிற இடத்தில் இரண்டு நிறமும் கொஞ்சதூரம் தனித்தனியாகவே போகின்றன. பரிசல்காரர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மீன் எப்படி என்று கேட்டதற்கு, காவேரி மீனை ஒரு விலைக்கும் இந்தப் பக்கத்து மீனை ஒரு விலைக்கும் கேட்கிறார்கள் என்றார்.

மாமா வழக்கம்போல இறங்கிச் சோதித்துவிட்டு வந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்தார். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். வெள்ளம் வடிந்த பிறகும் மாதம் ஒருமுறை ஆற்றிலும் கிணறுகளிலும் தண்ணீரைப் பரிசோதித்து, அளவை பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்ட வேண்டும் என்று மனு. உப்பை மட்டும் பார்த்தால் போதாது, சாக்கடையையும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரியைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். தன் எழுத்து நடுங்குகிறது, நீயே எழுது என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஐயா, வணக்கம்" வரை வந்திருக்கிறது. அடுத்து பொருள் என்று போட்டு, எத்தனை ஊர்ப் பேரைச் சேர்ப்பது என்று கூட்டாளிகளுக்குப் போன் போட்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.